வசந்தி பேரில் போனவள்

ஐப்பசி 12, செவ்வாய்க்கிழமை

இன்னைக்குப் பிறப்பு, இறப்புப் பதிவு வச்சிருக்கிற அரசாங்கக் கச்சேரிக்குப் போனேன். குவைத்தில் நேபாளக்காரரைக் கட்டியிருக்கிற என் மகள் செல்வியின் பிள்ளைக்கு ஆறு வயசாகியும் எந்த நாட்டுப் பாஸ்போட்டும் இல்லை. இங்கே பிரஜையாகப் பதிய, தாயின் பிறப்புச் சான்றிதழுக்குப் புதுப் பிரதி வேணுமாம்.

பதினேழு வயசில் செல்வியைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப வயசு பத்தவில்லை. மூணு வயசில் காய்ச்சலில் செத்த மூத்தவள் வசந்தியின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்து, அவள் பேரிலேயே அனுப்பினேன். ஏஜென்சியில் மத்த தாய்மார் கைநாட்டு வைத்தார்கள். நான் ஒருத்திதான் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

கிளாக்கர் ஐயா பழைய புத்தகத்தைப் புரட்டினார். வசந்தியின் மரணப் பதிவு இருந்தது. அதிலும் என் கையெழுத்து.

"செத்த புள்ளைக்கு எப்படிம்மா புள்ள பொறக்கும்?"

உண்மையைச் சொன்னால் செல்விக்கு அங்கே ஜெயில். எழும்பி வந்துவிட்டேன்.

சாயந்தரம் போன் வந்தது.

"அம்மா, என்ன சொன்னாங்க?"

"ஐயா லீவுல போயிட்டாராம்டி."

பேத்தி போனைப் பிடுங்கினாள். "அம்மாயி, நான் எப்ப வாறது?"

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை தைச்சு வச்சிருக்கேன் என்றேன். துணிகூட வாங்கவில்லை. வாங்கி என்ன செய்ய.