சேகோவின் பங்கு

லிஸ்பன்
மார்ச் 3

அன்புள்ள அசுமானே,

கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு உங்கள் மனைவி சைனபோ எப்படி இருக்கிறார்? ஊசியில் நூல் கோக்கிற அளவுக்குப் பார்வை வந்ததா என்று எழுதுங்கள். என் முழங்கால் வழக்கம்போல மழைக்கு ஒரு நாள் முன்பே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது.

போன பருவத்தில் நீங்கள் சைனபோவோடு மருத்துவமனையில் இருந்தபோது, என் மாணவர்கள் இருவர் உங்கள் குரலை ஒலிப்பெட்டியில் எடுத்துக்கொண்டு காட்டில் அலைந்தார்கள் அல்லவா? அந்த வேலை முடிந்து கட்டுரையும் வெளியாகிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் உங்கள் 'பிர்ர்ர்-ம்ம்' அழைப்பு ஒலித்தது. நூற்று அறுபத்தொரு இடங்களில் சேகோ பறவை வந்தது. யாரும் கூண்டில் அடைத்துப் பழக்காத ஒரு பழுப்புக் குருவி, மனிதன் கூப்பிட்டதும் வந்து, மரத்துக்கு மரம் முன்னால் பறந்து தேன்கூடு இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகிறது. பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இன்னொரு செய்தி. நம் ஆய்வுக்குப் பணம் தருகிற பிரஸ்ஸல்ஸில் பேச்சே மாறிவிட்டது. உலகம் பழையபடி இல்லை, ஆப்பிரிக்காவுக்கு வேறு நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள், இனி கொடுப்பவர் வாங்குபவர் என்று எழுதாதீர்கள், சம கூட்டாளிகள் என்று எழுதுங்கள் என்கிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஐந்து வருடத் திட்டம் ஒன்று எழுதியிருக்கிறேன். அதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று என்னுடையது, மற்றது தேன்வேட்டைக்காரர் சங்கத் தலைவரான உங்களுடையது. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஜூன் தொடக்கத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் என் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள். உங்களை நம்பியிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
லெயோனோர்


லுஜெண்டா ஆற்றங்கரை, நியாசா
ஏப்ரல் 11

மதிப்புக்குரிய தோனா லெயோனோர் அவர்களுக்கு,

சைனபோவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. என் சட்டையில் அழுக்கு இருப்பது, களியில் நான் உப்பு அதிகம் போடுவது, எல்லாமே தெரிகிறது. எனக்குத்தான் கஷ்டம்.

உங்கள் முழங்காலுக்கு இந்த லாரியில் கொஞ்சம் தேன் அனுப்ப நினைத்தேன். அனுப்பத் தேன் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

மழை ஓய்ந்து மூன்று வாரமாகக் காட்டுக்குப் போகிறேன். கூப்பிடுகிறேன். சேகோ வரவில்லை. முதலில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தேன். பிறகு மற்றவர்களும் வெறுங்கையோடு வந்தார்கள். சங்கத்தில் பதினேழு குடும்பம், தோனா. சோளத்தை யானை தின்றாலும் தேன் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் விதைக்கிறோம்.

அப்புறம்தான் என் மச்சான் மொமாதே வாயைத் திறந்தான். "ஒன் கொரல்தான் கத்துச்சு மச்சான். நீ ஆஸ்பத்திரிலேருந்து வந்துட்டேன்னு ஓடிப் போய்ப் பாத்தேன். ரெண்டு வெள்ளக்காரப் பசங்க, கையில பொட்டி. சேகோ வந்து வழி காட்டிட்டே போவுது. இவனுங்க கொஞ்ச தூரம் போயி, நின்னு, என்னமோ எழுதிக்கிட்டுத் திரும்பிட்டானுங்க. அது மரத்துல உக்காந்து ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கிட்டே கெடந்துச்சு" என்றான்.

சேகோவால் கூட்டை உடைக்க முடியாது. எங்களால் கூட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அது காட்டும், நாங்கள் புகை போட்டு, கோடரியால் மரத்தைப் பிளந்து தேன் எடுப்போம். பிறகு பச்சை இலை பரப்பி, அது விரும்பித் தின்னும் மெழுகை அதற்கு வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். நீங்களே அதைப் படம் எடுத்திருக்கிறீர்கள். என் பாட்டனுக்கும் அதன் பாட்டனுக்கும் இருந்த பேச்சு அது. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை என் குரல் அதை வா என்று கூப்பிட்டது. ஒரு தடவைகூட மெழுகு வைக்கவில்லை. இப்போது அந்தக் காட்டில் நான் பொய்யன்.

மெழுகை எரித்துவிடுகிற ஆட்களும் உண்டு. வயிறு காய்ந்தால்தான் அடுத்த கூட்டைக் காட்டும் என்பது அவர்கள் கணக்கு. மொமாதேகூட அப்படித்தான். இங்கே வந்துபோன சில உதவித் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான் வரும். ஆனால் அவன்கூடக் கூப்பிட்டுவிட்டுப் பாதி வழியில் திரும்பியதில்லை.

படிவத்தைப் படித்தேன். 'சம கூட்டாளி' என்று பதினோரு இடத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

வருத்தத்துடன்,
அசுமானே


லிஸ்பன்
மே 6

அன்புள்ள அசுமானே,

உங்கள் கடிதம் வந்ததும் முதலில் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் கூட்டை உடைத்தால் காடு தாங்காது, பறவை மெழுகுக்காக வருகிறதா குரலுக்காக வருகிறதா என்பதைப் பிரித்து அறிய வேறு வழி இல்லை என்றெல்லாம் நான்கு பக்கம் பதில் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் அந்த நான்கு பக்கத்திலும் சேகோ ஒரு எண்ணாகத்தான் இருந்தது. நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள். கிழித்துப் போட்டுவிட்டேன்.

மாணவர்கள் மேல் தப்பு இல்லை. பாதி வழியில் திரும்பச் சொன்னது நான். நீங்கள் ஊரில் இருந்திருந்தால் தடுத்திருப்பீர்கள். நீங்கள் வருகிற வரைக்கும் நான் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

ஒரு பறவை இதை மறக்க எத்தனை நாள் ஆகும்? எனக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். படிவத்தை விடுங்கள், அதற்கு அவகாசம் கேட்டு எழுதிவிட்டேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

லெயோனோர்


லுஜெண்டா ஆற்றங்கரை
மே 30

மதிப்புக்குரிய தோனா லெயோனோர் அவர்களுக்கு,

அந்த நான்கு பக்கத்தைக் கிழித்தது நல்லது. படித்துக் காட்டியிருந்தால் சைனபோ உங்களுக்கு இனி களி போட மாட்டேன் என்றிருப்பாள்.

சங்கம் கூடிப் பேசினோம். இரண்டு பேர் உங்களை இனி ஊருக்குள் விடக் கூடாது என்றார்கள். மொமாதேதான் எழுந்து, "வரட்டும். எந்தெந்த எடத்துல கத்துனாங்கன்னு அந்தம்மா நோட்டுல இருக்குமில்ல" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எந்த மரத்தடியில் பொய் சொன்னோம் என்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அடி பிசகாமல் தெரியும்.

ஆகவே நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். பெட்டி வேண்டாம், மாணவர்கள் வேண்டாம், தராசும் கடிகாரமும் வேண்டாம். இருநூற்றுப் பன்னிரண்டு இடத்துக்கும் நடப்போம். ஒவ்வொரு இடத்திலும் நான் கூப்பிடுவேன், நீங்கள் மெழுகு வையுங்கள். மொமாதே விற்பதற்கு வைத்திருந்த மெழுகு மூட்டையைத் தருகிறான். அவன் எதையும் சும்மா தந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நல்ல செருப்பாகப் பார்த்து வாங்கி வாருங்கள்.

அசுமானே


லிஸ்பன்
செப்டம்பர் 22

அன்புள்ள அசுமானே,

வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. கால் நகம் இரண்டு போய்விட்டது. கைவிரலில் மெழுகு வாசம் இன்னும் இருக்கிறது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

கூட வேலை பார்ப்பவர் ஒருவர் கேட்டார்: "ஏழு வாரம் போயிட்டு ஒரு எண்கூட எடுத்துட்டு வரலையா?" இல்லை என்றேன். அவருக்கு என் புத்தி தடுமாறிவிட்டதோ என்று சந்தேகம்.

இருநூற்று ஆறு இடம் முடித்தோம். மிச்சம் ஆறும் யானைகளிடம் இருக்கின்றன. எதிலும் சேகோ வரவில்லை. நூற்று நாற்பதாவது இடம் என்று நினைக்கிறேன், நீங்கள் கூப்பிட்டு முடித்த பிறகு காடு அப்படியே நின்றது. "அதுக்குக் கேக்குதா?" என்று கேட்டேன். "கேக்குது. கேட்டுட்டு யோசிக்குது" என்றீர்கள். நான் திரும்பி நின்று அழுததை நீங்கள் பார்க்காதது போல இலை பறித்துக்கொண்டிருந்தீர்கள். அதற்கு நன்றி.

எத்தனை ஆயிரம் வருடம் என்று தெரியாத ஒரு பேச்சு, அசுமானே. எழுத்தும் அரசாங்கமும் வருவதற்கு முன்பே ஒரு காட்டுக் குருவியும் மனிதனும் ஒருவரை ஒருவர் நம்பிச் செய்துகொண்டது. பன்னிரண்டு வருடம் அதை அளந்தேன். அது ஒரு வாக்கு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. வெறும் இலையில் மெழுகு வைத்துவிட்டு எழுந்தபோதுதான் அதன் பெருமை எனக்கு விளங்கியது. எவ்வளவு பெரிய வீட்டுக்குள் செருப்போடு நுழைந்திருக்கிறேன் என்றும் தெரிந்தது.

நடந்ததை அப்படியே பிரஸ்ஸல்ஸுக்கு எழுதிவிட்டேன். கட்டுரை வெளியிட்ட இதழுக்கும் எழுதினேன். பிரஸ்ஸல்ஸில் டிசம்பர் வரை பொறுத்துப் பார்ப்பார்களாம். அதன் பிறகு ஆய்வுக்கூடம் இருக்குமோ இருக்காதோ. இதற்காக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.

இதோடு ஒலிப்பெட்டியில் இருந்த சின்ன நினைவு அட்டையை வைத்திருக்கிறேன். அதில் இருப்பது உங்கள் குரல். மற்ற பிரதிகளை எல்லாம் அழித்துவிட்டேன். அது உங்களிடம் இருப்பதுதான் சரி.

லெயோனோர்


லுஜெண்டா ஆற்றங்கரை
நவம்பர் 9

அன்புள்ள லெயோனோர் அக்காவுக்கு,

வழக்கம்போல மரியாதைக்குத் தோனா என்று எழுதிப் பார்த்தேன். ஏழு வாரம் கூட நடந்த ஆளை அப்படிக் கூப்பிட நாக்கு வரவில்லை.

நேற்று முன்தினம் காலையில் நானும் மொமாதேயும் ஓடைப் பக்கம் போனோம். உங்கள் நோட்டில் அது தொண்ணூற்று மூன்றாவது இடம், நீங்கள் வழுக்கி விழுந்தீர்களே, அந்தப் பாறை. நாம் வைத்த இலை சருகாகிக் கிடந்தது, மெழுகு இல்லை. எலி தின்றிருக்கும் என்றான் மொமாதே. சும்மா ஒரு தடவை கூப்பிட்டேன்.

வந்தது.

நேராக வரவில்லை. தூரத்து மரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. நானும் அசையவில்லை. வாழ்நாளில் ஆயிரம் தடவை பார்த்த பறவைதான். இருந்தும் முதல் தடவை பார்க்கிறவன் போலப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் வாலை விரித்து அதன் பேச்சைப் பேசியது. "போ மச்சான், போ. நிக்காத" என்று மொமாதே என் முதுகைத் தள்ளினான்.

வெகுதூரம் கூட்டிப்போனது. இரண்டு இடத்தில் நின்று, நாங்கள் வருகிறோமா என்று திரும்பிப் பார்த்தது. பெரிய கூடு, அக்கா. தேன் எடுத்து முடித்ததும் மொமாதே தானே போய்ப் பச்சை இலை பறித்து வந்து மெழுகை வைத்தான். எவ்வளவு பெரிய அடை தெரியுமா? அதோடு நிற்காமல் கையில் இருந்ததையும் பிய்த்து வைத்தான். அது இறங்கி வந்து தின்னும்வரை இரண்டு கிழவர்களும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

வந்தது ஒன்றுதான். மற்றவை இன்னும் யோசிக்கின்றன. யோசிக்கட்டும்.

படிவத்தை இதோடு அனுப்புகிறேன். அந்தப் பதினோரு இடத்திலும் 'சம கூட்டாளி'யை அடித்துவிட்டேன். கீழே என் கையால் ஒரு வரி எழுதி, அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: கூப்பிட்டவர் கடைசிவரை கூட நடக்க வேண்டும், கிளம்புமுன் வழி காட்டியவரின் பங்கை வைக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ்காரர்களுக்குச் சம்மதமானால் அவர்களும் போடட்டும். இல்லையென்றாலும் உங்களுக்கும் எனக்கும் இது போதும்.

இந்த லாரியில் தேன் வருகிறது. முழங்காலுக்குத் தடவ வேண்டாம், தின்னுங்கள்.

நினைவு அட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன். அடுத்த பருவத்துக்கு வாருங்கள். நானே கூப்பிடுகிறேன்.

உங்கள் தம்பி,
அசுமானே