வருகை பன்னிரண்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். முழங்கால் வலி பரவாயில்லை, பள்ளிக்கூடத்து ஐந்து அறைகளையும் நானே கூட்டிவிட்டுத்தான் வருகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று நீ போனில் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன வாரம் நீ டிவியில் பேசியதைப் பார்த்தோம். கல்வி இலாகா திட்ட அதிகாரி என்று கீழே உன் பெயர் ஓடியது. பக்கத்து வீட்டுத் தையல்காரியைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன், என் மகள் பேசப்போகிறாள் என்று. ஆளுங்கட்சிக்காரர் பள்ளிகளை மூடவில்லை, இணைக்கிறோம் என்றார். கதவில் பூட்டுத் தொங்கினால் அதற்கு வேறென்ன பெயர்? எதிர்க்கட்சிக்காரர் ஏழைகள் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்று மேசையைத் தட்டினார். உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று இரண்டு பேரையும் நீயாவது கேட்பாய் என்று பார்த்தேன். நீயோ, பிள்ளைகளே வராத கட்டடத்துக்கு எப்படி நிதி ஒதுக்குவது என்று அமைதியாகக் கேட்டாய். அடுப்பில் வேலை இருக்கிறது என்று தையல்காரி எழுந்து போய்விட்டாள். அவள் மகள் நம் பள்ளியில் ஏழாவது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு உங்கள் இலாகா அறிக்கையைக் கொடுத்தார்கள். நம் பள்ளியைப் பற்றிய பக்கத்தில் ஒரு படம், வாசல் கரும்பலகையைப் பிடித்தது. உன் தம்பி மகள், அந்த வாயாடி, பார்த்ததுமே, பாட்டி இது உங்க எழுத்துல்ல என்று கத்திவிட்டாள். என் எழுத்துதான். பெரிய டீச்சர் ஒருத்தியே எட்டு வகுப்புக்கும் அல்லாடுவதால் இரண்டு வருஷமாக நான்தான் காலையில் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்தா இது என்று அவளே அசந்துபோவாள். பதிவு முப்பத்தொன்று, வருகை பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டை வைத்துத்தான் நம் பள்ளியை மூடுகிறீர்கள். உங்கள் ஆள் வந்து படம் எடுத்தது தண்ணீர் லாரி வராத நாள். லாரி வராவிட்டால் கழிப்பறை பூட்டிக் கிடக்கும், பெரிய பெண்கள் ஒருத்தியும் வரமாட்டார்கள், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரும் சின்னதுகளும் வராது. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். அந்த மாதிரி நாட்களில் பாயில் சுருண்டுகொண்டு, நான் போகலம்மா என்று நீ அழுதது மறந்துபோய்விட்டதா? குழாய் கேட்டு ஆறு வருஷமாகப் பெரிய டீச்சர் எழுதுகிறாள், நிதி இல்லை என்றுதான் பதில் வருகிறது. அன்றைக்கு முப்பது என்று பொய்யாக எழுதித் தொலைத்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். சிலேட்டில் உன் விரலைப் பிடித்து எழுதப் பழக்கிய கை இது. படத்தில் இருப்பது என் எழுத்து என்று குழந்தைக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை.

நம் பள்ளியை நீங்கள் கொண்டுபோய் இணைக்கிற பள்ளி பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்தக் காலத்தில் இங்கே ஐந்தாவது வரைதான், என் அப்பா என் படிப்பை நிறுத்தியதும் அந்த ரோட்டைக் காட்டித்தான். உன் தம்பி இப்போதே, ஆறாவதோட போதும், பொம்பளப் பிள்ளை அந்த ரோட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறான். அத்தை மாதிரி அவளும் ஆபீசர் ஆகட்டுமேடா என்றேன். ஆகி என்னம்மா பண்ணுவா, இன்னொரு பள்ளிக்கூடத்தை மூடுவாளா என்று கேட்டான். பெற்றோர்கள் சேர்ந்து மனு கொடுக்கிறார்கள், எழுதும் வேலை எனக்கு வந்தது. லாரி வராத நாள் ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதியிருக்கிறேன். அது உன் மேசைக்கு வரும். முதல் கையெழுத்து என்னுடையது. அதிகாரியின் தாயார் என்று போடச் சொன்னார்கள், பள்ளியைக் கூட்டுகிறவள் என்று போட்டேன்.

டிவியில் இளைத்துத் தெரிந்தாய், நேரத்துக்குச் சாப்பிடு. பேரனுக்கு என் முத்தம். எவ்வளவு கோபம் இருந்தாலும் உன்னை ஏச எனக்கு வாய் வராது, நீ குறையில்லாமல் நன்றாக இரு. இங்கே வருவதானால் லாரி வராத நாளாகப் பார்த்து வா. மனுவுக்கு உன் ஆபீஸ் பதில் அனுப்பட்டும், இந்தக் கடிதத்துக்கு நீ உன் கையால் எழுது. உன் எழுத்து எனக்கு இன்னும் அடையாளம் தெரியும்.

உன்னை எழுதப் பழக்கிய
அம்மா