பாதியில் நிற்கும் டேப்

அண்ணே,

பினாங்கு கொம்தார் கட்டடத்தில் வீடியோ பழுதுபார்க்கும் கடைக்காரர் நேற்று அந்த டேப்பை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். எனக்கும் அடித்தது அந்த வாடை. மழைக்காலத்தில் அலமாரிக்குள் மறந்துபோன துணியின் வாடை. கறுப்பு நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். "க்ளீன் பண்ணிடலாம் அக்கா. ஆனா டேப் பாதியில நிக்குது பாருங்க. முதல்ல ரிவைண்ட் பண்ணணும்," என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாதி நீங்கள் விட்டுப் போன பாதி என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமைக் கப்பல் என்றுதான் நாம் அந்தத் தொடருக்குப் பெயர் வைத்திருந்தோம். விண்வெளியில் வழி தவறிய ஒரு கப்பல், வீட்டைத் தேடிக்கொண்டே வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அதைப் பார்ப்போம், திங்கட்கிழமை காலை உங்கள் பஸ்ஸில் அதைப் பற்றி அடித்துக்கொள்வோம். சுங்கை பினாங்கில் எங்களை ஏற்றி பாயான் லெப்பாஸ் பாக்டரி வாசலில் இறக்கும்வரை பஸ்ஸுக்குள் வேறு பேச்சே கிடையாது. ஓட்டுநர் நீங்கள், சட்டம் போட்டவரும் நீங்கள்தான். கடைசி ஆள் ஏறும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஏறியவர்களில் ஒருத்தர் ஓவர்டைம் பார்த்துவிட்டுக் கதையைத் தவறவிட்டிருந்தால், அவர் யாரிடமாவது டேப் வாங்கிப் பார்த்து முடிக்கும்வரை அந்த வாரம் பேச்சே கிடையாது.

ஒருமுறை கப்பலின் மருத்துவர் செத்துப்போன கதையை நான் உளறிவிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ரொஹானி அதைப் பார்த்திருக்கவில்லை. பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தீர்களே, பாவி மனுஷா! "தங்கச்சி, அவகிட்ட மன்னிப்புக் கேளு. இல்லாட்டி இன்னிக்கு யாரும் வேலைக்குப் போக முடியாது லா." கேட்டேன். எல்லோரும் தாமதம். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஆனாலும் சாயங்காலம் உங்கள் பஸ்ஸில்தான் ஏறினோம்.

தொடருக்கு இருபது வருஷம் ஆகிறது, சிறப்புப் படம் வரப்போகிறது என்று பத்திரிகையில் வந்த நாளிலிருந்து பஸ் சந்தைக்கடைதான். பழைய ஆட்கள் எல்லோரும் வருவார்களாம். செத்த மருத்துவர் திரும்பி வருவார் என்றாள் ரொஹானி. கப்பல் இந்த முறை வீடு சேர்ந்துவிடும் என்றேன் நான். நீங்கள் கண்ணாடி வழியே என்னை முறைத்தீர்கள். "சேரக்கூடாது தங்கச்சி. சேர்ந்துட்டா அப்புறம் சனிக்கிழமை நான் என்னத்தப் பாக்குறது?" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் உங்களுக்கு இருமல் வந்தது. அது நிற்கவே இல்லை.

நுரையீரலில் கட்டி என்றார்கள். படம் வருவதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தீர்கள். கையெல்லாம் எலும்பாகியிருந்தது. அந்தப் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பிய கையா இது! பக்கத்து வீட்டு வீடியோவில் படத்தைப் பதிந்து வைத்தேன். ரொஹானியும் நானும் பார்த்துவிட்டோம். பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். ஒரு ஆள் இன்னும் பார்க்கவில்லையே.

அதே வீடியோ பிளேயரை இரவல் வாங்கி, ரொஹானியின் பூப்போட்ட பாத்தேக் சாரோங் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தோம். சிஸ்டர் முதலில் முடியாது என்றார். உங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், பார்வை நேரம் முடியும்வரை வார்டு டிவியில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பார்வை நேரமே ஒரு மணி நேரம்தான். படமோ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அண்ணி என் காதருகே, "முக்கியமானத மட்டும் காட்டிடும்மா," என்றார். டாக்டர் அவரிடம் என்ன சொல்லியிருந்தார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"அண்ணே, ஆரம்பத்துல எல்லாம் பழைய கதைதான். கொஞ்சம் ஓட்டிப் போடவா?" என்று கேட்டேன்.

"ஓட்டாத," என்றீர்கள். "பாட்டுலேருந்து போடு. ஒரு சீன் விடக்கூடாது."

"டைம் இல்ல அண்ணே."

"மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம் லா. கப்பல் எங்க ஓடிப்போகப் போகுது?"

தலைப்புப் பாட்டு வந்தபோது உங்கள் விரல்கள் போர்வையில் தாளம் போட்டன. பழைய கேப்டன் நரைத்த தலையோடு நடந்து வந்ததும், "ஆளு கெழடாயிட்டான்," என்றீர்கள். அடுத்த கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார். கேப்டன் ரேடியோவைத் திருப்புகிறான், வெறும் இரைச்சல், மறுபடி திருப்புகிறான், ஒரு மனிதக் குரல் கேட்கிற மாதிரி இருக்கிறது. அந்த இடத்தில் மணி அடித்தது. சிஸ்டர் வந்து நின்றார். நான் நிறுத்தினேன்.

"அபாங், சொல்லட்டுமா?" என்று மலாயில் கேட்டாள் ரொஹானி. அவளும் உங்களை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவள் கண் நிறைந்திருந்தது. நானும், "சொல்லிடறேன் அண்ணே, ரெண்டே வார்த்தைதான்," என்று கெஞ்சினேன். கையைத் தூக்கித் தடுத்தீர்கள்.

"சொன்னேன்னா, திங்கட்கிழமை உன்ன ரோட்டுலயே விட்டுட்டுப் போயிடுவேன்."

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தோம். உங்கள் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். விடியும்போதே போய்விட்டீர்களாம். சாரோங்கில் சுற்றிய வீடியோவை மார்போடு அணைத்தபடி ரொஹானி நின்றுகொண்டே இருந்தாள். கீழே வைக்கச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்தபோது அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். "அவரு காதுல முடிவச் சொல்லிடும்மா. தெரியாமப் போறாரே." குனிந்தேன். யாரோ உங்களுக்குச் சந்தனம் பூசியிருந்தார்கள், அந்த வாசம் அடித்தது. சொல்ல வாயைத் திறந்தேன். பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்த உங்கள் முகம்தான் வந்தது. நிமிர்ந்துவிட்டேன். சொல்லிவிட்டேன் என்றே அண்ணி நினைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. பாட்டையும் பழைய கதையையும் ஓட்டியிருந்தால் முழுசாகப் பார்த்திருப்பீர்கள். என்ன பிடிவாதம்! திங்கட்கிழமை பஸ் ஓட்டப் போகிறோம் என்று நிஜமாகவே நம்பினீர்களா, இல்லை எங்களுக்காக நம்புகிற மாதிரி இருந்தீர்களா? இதை மட்டுமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார். பாதிப் பேருக்கு மேல் படத்தைப் பார்த்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. பாயான் லெப்பாஸ்வரை இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

கடைக்காரரிடம் டேப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். "அப்படியே விட்டா மொத்தமாப் போயிடும் அக்கா," என்றார். போனால் போகட்டும் என்றேன். அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அதன் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால், இந்தப் பக்கச் சுருளில் நீங்கள் பார்த்தது, அந்தப் பக்கச் சுருளில் பார்க்காதது.

ரொஹானி இன்றும் நோன்புப் பெருநாளுக்கு என் வீட்டுக்கு வருகிறாள். பழைய கதைகளையெல்லாம் பேசிப் பேசித் தீர்க்கிறோம். கப்பல் வீடு சேர்ந்ததா இல்லையா என்பதை மட்டும் நாங்கள் இதுவரை பேசியதில்லை. இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன். பஸ்ஸில் இன்னும் ஒரு ஆள் ஏறவில்லை.