பிள்ளை மாத்திரை என்று நான் சொன்னது

மே 7, திங்கள்

காலை ஆறு மணிக்கே வெயில். கரண்ட் இல்லை, தறி ஓடவில்லை. மஞ்சுளாவைக் கூட்டிக்கொண்டு நகரியிலிருந்து திருப்பதி. அக்கா மகள். அக்கா போனபிறகு அவளுக்குத் தாய்வீடு என்றால் நான்தான்.

மார்பில் எடுத்த கட்டிக்கு ரிசல்ட். புற்று இல்லை. ஆனால் பின்னால் வரலாம், அக்காவுக்கும் இருந்தது, அதனால் தடுப்பு மாத்திரை. தினம் ஒன்று, ஐந்து வருஷம். அதுவரை கர்ப்பம் கூடாது. டாக்டரம்மா என்னை உட்காரவைத்து விளக்கினார். "உங்களை மாதிரி விவரமான ஆள் வந்தது நல்லது" என்றார்.

சாயங்காலம் அவளை வீட்டில் விடப்போனபோது அவள் மாமியார் சம்பூர்ணம் பையில் மாத்திரையைப் பார்த்துவிட்டாள். "இன்னாண்ணா மாத்திரை இது?" மஞ்சுளா வாய் திறப்பதற்குள் நான், "ரெண்டாவது புள்ளைக்கும்மா. அமெரிக்கா மருந்து. ஆம்பளப் புள்ள கேரண்டி."

மஞ்சுளா என்னையே பார்த்தாள். நன்றாகச் சமாளித்தேன்.

மே 20, ஞாயிறு

மஞ்சுளா போன்.

"மாமா, உள்ள அடுப்பு வெச்சாமாதிரி கீது. கம்பெனியில லைன்ல நிக்கசொல்லோ கழுத்துலேர்ந்து வேர்வை ஊத்துது. சூப்பர்வைசர் ஏசியப் பாக்குறான், என்னப் பாக்குறான்."

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். டாக்டரம்மா எங்கிட்ட சொன்னாங்களே."

"எப்போ சொன்னாங்க? நீ வெளிய சோடா குடிச்சிக்கினு இருந்த."

உண்மை. ஏழாம் தேதி எழுதியதில் டாக்டர் பேச்சு என் சொந்தச் சரக்கு. பஸ்ஸில் அவள் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

அவளே நர்ஸுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள். குறித்துக்கொண்டேன்:
- மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. குமட்டல் குறையும்.
- காபி, காரம் குறைக்க.
- பருத்திச் சேலை. பக்கத்தில் தண்ணி.
- கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி.
- மாதவிலக்கு தள்ளிப்போகலாம். பயம் வேண்டாம். ஆனால் டாக்டரிடம் சொல்லணும்.
- தானாக நிறுத்தக்கூடாது.

கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

ஜூன் 11, திங்கள்

மேகம். மழை இல்லை. தறியில் இரண்டு இழை அறுந்தது.

சம்பூர்ணம் போனில் ஒரே சிரிப்பு. "அண்ணா, உன் மாத்திரை பலிச்சிருச்சி! ரெண்டு மாசமா தலைக்கு ஊத்திக்கல, காலையில வாந்தி. எம்புள்ள ரவி ஏப்ரல்லதான லீவு முடிஞ்சி குவைத் போனான்? கணக்கு சரியா கீது. அப்ப தங்கினத உன் மாத்திரை கெட்டியா புடிச்சிக்கிச்சி. தாய்மாமன் வீட்டு கட்டுச்சோறு எப்போ கொண்டாற? அஞ்சு வகை சாதம், வளையல், ஒண்ணும் குறையக்கூடாது."

"குறையாதும்மா. ஊரே பாக்கும்" என்றேன். நாக்கு தானாகச் சொன்னது.

போனை வைத்துவிட்டு அறுந்த இழைகளை முடிந்தேன்.

ஜூன் 13, புதன்

மஞ்சுளா கம்பெனி பஸ்ஸிலிருந்து, அடிக்குரலில்.

"மாத்திரைய அத்தை எடுத்து எங்கியோ வெச்சிட்டாங்க. புள்ளத்தாச்சி மாத்திரை துன்னக்கூடாதாம். நாலு நாள் ஆச்சி, மாமா."

"ரவிகிட்ட சொல்லேன்."

"அவருக்குத் தெரியும். அவங்க அம்மாகிட்ட சொல்ல பயந்துக்கினு போன்ல உம் கொட்டுறாரு. நேத்து பக்கத்து வீட்டம்மா எனக்கு மாங்கா குடுத்தாங்க. துன்னேன். அழுதுக்கினே துன்னேன். நீ சொன்னதுதான? நீயே வந்து சொல்லு."

அக்காவுக்கும் இப்படித்தான் செய்தேன். மஞ்சள் காமாலை என்று ஊரெல்லாம் சொன்னேன். பச்சிலை வைத்தியரிடம்கூடக் காட்டினேன், சும்மா பேருக்கு. அதனால்தான் சம்பூர்ணத்துக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அந்தப் பெயரைச் சொன்னால் மஞ்சுளாவை யார் கட்டுவார்கள் என்று பயம். நல்லதுக்கு என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதே முகம் எரிகிறது.

ஜூன் 15, வெள்ளி

வெறுங்கையோடு போனேன். சம்பூர்ணம் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "சோறு ஆட்டோவுல வருதா?"

"இல்லம்மா. விஷயம் இன்னான்னா, அமெரிக்காவுல ஒரு..."

"மாமா, கொஞ்சம் சும்மா இரு" என்றாள் மஞ்சுளா. அவளே சொன்னாள். கட்டி. அக்காவுக்கு வந்தது. மாத்திரை எதற்கு. மாதவிலக்கு ஏன் நின்றது. ஐந்தே நிமிஷம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பூர்ணம் எழுந்து உள்ளே போனாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அரிசி டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்து வந்து மஞ்சுளா கையில் வைத்தாள். "ஆறு நாளு போச்சே. டாக்டருக்கு போன் போடு, இப்பவே போடு."

மஞ்சுளா போனோடு வாசலுக்குப் போனாள். உள்ளே மஞ்சுளாவின் மகள் கீர்த்தி தெலுங்குப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பத்து வயசு. சம்பூர்ணம் அவளையே பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"அண்ணா, இந்த தடவ நெஜத்த சொல்லு. இதுக்கும் வருமா?"

எனக்குத் தெரியாதும்மா என்றேன்.