உலைச் சுவரில் கிட்டம் கொத்தினார்கள்

ஐப்பசி 14, புதன். பதுளை. மழை விடவில்லை.

மத்தியானம் தம்பி மாயாண்டிக்கு வார்ப்பட்டறைக்குச் சோறு கொண்டுபோனேன். உலை அணைந்து கிடந்தது. அவன் உள்ளே குனிந்து, சுவரில் இறுகியிருந்த இரும்புக் கிட்டத்தை உளியால் கொத்திக்கொண்டிருந்தான்.

"என்னடா செய்ற? உன் மச்சான் இருந்தவரைக்கும் அதைத் தொடவே விடலையே."

"உலை அழுக்கா இருக்காம், புதுத் துரை சொல்றாரு. நீ மேஸ்திரியா வந்து சொல்லு, கேப்பாரு" என்று சிரித்தான்.

என் வீட்டுக்காரர் காலமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. பதினாறு வருஷம் அந்த உலையைப் பார்த்தவர். உருகின கசடு சுவரில் ஒட்டி ஆறிக் கிட்டமானால் அதுதான் செங்கலுக்குப் போர்வை, அது போனால் நெருப்பு செங்கலைத் தின்றுவிட்டு வெளியே வரும் என்பார். இன்றைக்கு அந்தச் செங்கல் தோலுரிந்த முழங்கால் மாதிரி சிவந்து தெரிந்தது.

"எனக்கும் தெரியும்க்கா. சொன்னா வேலை போயிரும்" என்றான் மெதுவாக. கிட்டத்துக்குப் பதிலாகச் செங்கல்மேல் களிமண் பூசுகிறார்களாம். இந்த மழையில் எங்கே காயும்? ஈரத்தோடு சூடேறினால் வெடித்து உதிர்ந்துவிடும். நாளைக் காலையில் மூட்டுகிறார்கள்.

பொறி படாமலிருக்க என் வீட்டுக்காரருடைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தம்பி உலைமுன் நிற்பான். அவனைத் தடுக்க வேறு வழி தெரியாமல் சாயங்காலம் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். படுக்கப் போகும்போது பார்த்துவிட்டான்.

"பரவாயில்லக்கா, வெறும் மேலோட போறேன்."

கோட்டைப் பிழிந்து, காலைக்குள் காயட்டுமென்று அடுப்புக்கு மேலே போட்டிருக்கிறேன். இன்னும் சொட்டுகிறது.