வானுக்குள் இருப்பது அப்பாவுடையது அல்ல

லா ஷப்பல், பாரிஸ்
வெள்ளி இரவு, மார்ச் 2019

கரிகாலன் அண்ணைக்கு,

இங்கே அம்மா சுகம், அப்பா சுகமாக இருப்பதுபோல நடமாடுகிறார், நான் சுகமில்லை. துலூஸில் நீங்கள் நல்லாக இருப்பதாக அம்மா கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறா, அதனால் உங்கள் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. உறையில் அம்மாவின் கையெழுத்தைக் கண்டுதான் திறந்திருப்பீர்கள். குகதாசன் மாமா நாளை துலூஸுக்குக் காரில் கொண்டுவரும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் அம்மா வைத்த கடிதத்தோடு இதையும் சேர்த்து ஒட்டுகிறேன், அம்மாவுக்கு இது தெரியாது. தொலைபேசியில் நான் வாயைத் திறந்தாலே வைத்துவிடுகிறீர்கள். செய்தி எழுதவும் பயம், உங்கள் தொலைபேசி யார் கையில் இருக்கிறதோ யாருக்குத் தெரியும். குளியலறையைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன், அப்பா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது, எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம்.

புதன்கிழமை மத்தியானம் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் கடைக்கு முருங்கைக்காய்ப் பெட்டி இறக்க அப்பாவோடு போனேன். கயிறு எடுக்க எங்கள் சாமான் வானின் பின்பக்கம் ஏறி, மேலதிக டயர்ச் சில்லுக்குப் பின்னால் கைவிட்டபோது உங்கள் பழைய பந்தாட்டச் சட்டை அகப்பட்டது. அதற்குள் என்ன சுற்றியிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதலில் விளையாட்டுத் துப்பாக்கி என்றுதான் நினைத்தேன், தூக்கியதும் பாரம் சொல்லிவிட்டது. அப்பா ஓடிவந்து, மிருணா, அதைத் தொடாதை பிள்ளை, அப்பிடியே வை எண்டு சத்தம் போடாமல் சொன்னார். அவர் திடுக்கிடவே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. நீங்கள் துலூஸுக்குப் போன கிழமையே அப்பா கண்டுபிடித்துவிட்டாராம், உங்களோடு கதைத்தாராம், கூட்டாளிமார் தந்தது, வந்து எடுப்பினம், அதுவரைக்கும் கிடக்கட்டும் என்று சொன்னீர்களாம். ஏதோ அரிசி மூட்டையை வைத்துவிட்டுப் போனதுபோல. எறிந்தால் அவர்கள் கடைக்கு வந்து நிற்பார்கள் என்று அப்பாவுக்குப் பயம், வைத்திருந்தால் பொலிஸ் என்று பயம், அந்த இரண்டு பயத்தையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு விடியலும் ரூஞ்சிஸ் மொத்தச் சந்தைக்குப் போய் வருகிறார். வழியில் போர்ட் து லா ஷப்பலில் பொலிஸ் வான்களை மறிக்காத நாள் உண்டா? பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லாத நாள் உண்டா? நீங்களும் அந்த வழியால் எத்தனை தரம் ஓடியிருப்பீர்கள்.

வகுப்பில் எங்களுக்குச் சட்டம் படிப்பிக்கிற மதாம் ஜெர்மேனிடம் கேட்டேன், பாடத்துக்கு என்று பொய் சொல்லித்தான் கேட்டேன். பிரிபெக்சர் அலுவலகத்தின் துப்பாக்கி அனுமதி உள்ளவன்கூட வாகனத்தை அலுமாரியாக்கி அதற்குள் துப்பாக்கி வைத்திருக்க முடியாதாம். சுடும் பயிற்சிக்குப் போகிறவன் குண்டைக் கழற்றி, பூட்டிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அனுமதியே இல்லாமல் வைத்திருந்தால் ஐந்து வருடம் வரை, வாகனத்தில் கொண்டு திரிந்தால் ஏழு வருடம் வரை. யாருக்கு அந்தத் தண்டனை என்று கேட்டேன். முதலில் ஓட்டுபவரைத்தான் இறக்குவார்கள் என்றா. வான் நீங்கள் வாங்கியது, ஆனால் காப்புறுதி மலிவு என்று பதிவு அப்பாவின் பேரில். ஓட்டுபவரும் அப்பா. உங்கள் பேர் அதில் எங்கே இருக்கிறது அண்ணை? சட்டையின் முதுகில் மட்டும்தான்.

நேற்று அப்பா மேசைக்கு வந்து, சில்லுக்குப் பின்னாலை கிடக்கிற துவக்கு என்ரை, மகனுக்கு ஒண்டும் தெரியாது எண்டு பிரெஞ்சிலை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது என்று கேட்டார். ரயிலுக்கு வழி கேட்பதுபோலக் கேட்டார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏனப்பா என்றதற்கு, நீங்கள் வேகமாக ஓட்டிக் கமராவில் படம் பிடிபட்ட நேரமெல்லாம் அம்மா ஓட்டினதாக எழுதி, தண்டத்துக்கு அம்மாவின் லைசென்ஸ் புள்ளிகளைக் கொடுத்தோமே, அதைப்போலத்தானே, அவனுக்கு வயசு கிடக்கு, எனக்கு என்ன என்கிறார். பாரிஸில் ஒரு நாளும் காரோட்டாத அம்மா பன்னிரண்டு புள்ளியையும் உங்களுக்காக இழந்தா, அப்போது எல்லாரும் சிரித்தோம். எங்கள் சனம் எல்லாம் செய்கிற வேலைதானே என்று நீங்கள் சொன்னதும் ஞாபகம். அந்தப் பழக்கத்தில் அப்பா இப்போது ஏழு வருடத்தையும் புள்ளி என்று நினைக்கிறார். அவருடைய பத்து வருட விசா வைகாசியில் முடிகிறது, சிறைக்குப் போனவருக்கு அதைப் புதுப்பிப்பார்களா என்று யோசித்துப் பார்த்தீர்களா? நீங்கள் பிரெஞ்சுப் பிரஜை. உங்களை எங்கேயும் அனுப்பமாட்டார்கள்.

கூட்டாளிமார் பேர் எனக்குத் தேவையில்லை. உங்களுக்கு அவர்கள் மேல் இருக்கிற விசுவாசத்தில் கால்வாசி இங்கே இருந்திருந்தால் அப்பா இப்படி இருமிக்கொண்டு கிடக்கமாட்டார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பொலிஸ் ஸ்டேசனுக்குப் போகலாமா என்றும் மதாமிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். கூடாதாம், போகிற வழியில் பிடிபட்டால் அதுவும் கொண்டு திரிந்ததுதான். தொடாமல், வாகனத்தை அசைக்காமல், வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து, பொலிசை அந்த இடத்துக்கே கூப்பிட வேண்டும் என்றா. பிறகு, இது பாடத்துக்குத்தானே என்று கேட்டா. ஓம் என்றேன்.

சனி ஞாயிறு அப்பாவுக்குச் சந்தை இல்லை, வான் அசையாது. திங்கள் விடிய அவர் சாவியைத் தேடும்போது அது என்னிடம் இருக்கும், பொலிசை நான் கூப்பிடுவேன். எனக்குப் பயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆனால் அவர்கள் வந்ததும் அப்பா முன்னுக்கு வந்து என்ரை என்பார், யாரிடமோ அந்த வசனத்தைப் படித்துக்கொண்டுவிட்டார், பல் தீட்டும்போது முணுமுணுக்கிறார். பதினாறு வயசுப் பிள்ளை அண்ணனின் பேரைச் சொன்னால் கேட்பார்களா, தகப்பனே ஒத்துக்கொண்டதைக் கேட்பார்களா? அவருடைய வாயை மூட என்னால் முடியாது, உங்களால் மட்டும்தான் முடியும், அதுவும் பக்கத்தில் வந்து நின்றால்தான். வழக்கறிஞரை நீங்கள் பிடியுங்கள், பேசிவிட்டு வாருங்கள். வராவிட்டாலும் உங்கள் பேரைச் சொல்லுவேன், நூறு தரம் சொல்லுவேன், அப்பா என்னை அடித்தாலும் சொல்லுவேன்.

சாப்பிடுங்கள், குளிருக்குப் போர்த்துங்கள் என்றெல்லாம் அம்மா தன் கடிதத்தில் எழுதியிருக்கிறா, கோயிலில் உங்கள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்த திருநீறும் மடித்து வைத்திருக்கிறா, நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருக்கச் சொல்லி வாழ்த்தியும் இருக்கிறா. அதை நான் வெட்டவில்லை. உங்களை வாழ்த்த எனக்கு வயசும் இல்லை, இப்போதைக்கு மனமும் இல்லை. ஞாயிறு இரவில் துலூஸிலிருந்து ரயில் குறைவு, பின்னேரமே ஏறுங்கள், பத்து பதினொரு மணிக்கு இங்கே வந்துவிடலாம். கதவைத் தட்ட வேண்டாம், அம்மா முழித்துவிடுவா. நான் கீழே வாசலில் நிற்பேன்.

மிருணாளினி