நான் அனுப்பிய மண்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். இந்த முறை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நேற்று போனில், நாங்கள் அனுப்பிய கீரைப் பொடியில் வண்டு விழுந்துவிட்டது, குழந்தைக்குக் கொடுக்காதே, கொட்டிவிடு என்றேன். வண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கூரியர்.

போன வருடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது, பக்கத்தில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுத்த கொட்டகை இருந்ததாமே, மண் அனுப்புங்கள், எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிடலாம் என்றாய். அந்தப் பக்கத்து மண் கட்டியும் கரியுமாகக் கிடந்தது. மகள் வேலை செய்யும் இடத்தில் நாலு பேர் பார்ப்பார்களே, இதையா அனுப்புவது என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக் கொல்லையில் எருப் போட்டு வைத்திருந்த மண்ணைச் சலித்து, கல் பொறுக்கி அனுப்பினேன். விருந்தாளி வருகிறார் என்றதும் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவதில்லையா, அந்தப் புத்திதான். நல்ல மண் என்று நீ எழுதியதை ஊரெல்லாம் காட்டினேன் வேறு.

குத்தகை நிலத்தில் கீரையும் தளதளவென்று வந்தது; விற்றது போக உனக்கும் பொடியாக்கி அனுப்பினோம். போன வாரம் வேளாண் அலுவலர் கொட்டகைச் சுவரோரம் மண்ணும் இலையும் எடுத்துப் போனார். சோதித்ததில் ஈயம், காட்மியம் இரண்டுமே அளவுக்கு மேல். இவ்வளவு செழிப்பான செடியில் விஷமா என்று சண்டைக்குப் போனேன். "சில பயிரு வெஷத்த வேர்லயே நிறுத்திக்கும். கீரை எலைக்கு ஏத்தி, ஒரு ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு அது பாட்டுக்கு வளரும். அது பொழைச்சுக்கும்யா, தின்னவங்கதான் பாவம்" என்றார்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டோம். கீரை வாங்கிய வீடுகளுக்கு அம்மாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குத் தட்டு வைக்கும் சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்துவிடுகிறது.

குட்டி நாலு மாதமாக அந்தப் பொடியைச் சாப்பிட்டிருக்கிறாள். நாளைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடு. ஒன்றும் இருக்காதம்மா என்று எழுதத்தான் கை துடிக்கிறது. தெரியாததை எழுதமாட்டேன். என்ன வந்தாலும் மறைக்காமல் சொல். எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஊசி குத்தும்போது வீறிட்டு அழுவாள், மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள். என் மேல் உள்ள கோபம் உன்னோடு இருக்கட்டும் அம்மா. அவளுக்கு மட்டும் தாத்தாவைப் பற்றி நல்லதாகவே சொல்.

குழந்தை நோய் நொடி இல்லாமல் வளரட்டும்.

உன் அப்பா